பென்சன் ஆபீசிலிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள்

மஸ்டரிங் சீசனில், கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற பாறசாலைப் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா? காலை ஒன்பது மணிக்கே அக்ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிடும். நாற்காலி கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருடைய கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கரண்ட் பில். கேரள அரசின் சமூக நலப் பென்சன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து, "நான் உயிரோடுதான் இருக்கேன்" என்று விரலைப் பதித்துக் காட்ட வேண்டும். இதற்குத்தான் மஸ்டரிங் என்று பெயர், 2019-ல் வந்த ஏற்பாடு. மையத்துக்குப் போனால் 30 ரூபாய் கட்டணம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்தால் 50 ரூபாய்.

விரல் பதிவது அவ்வளவு லேசில்லை. களியக்காவிளைப் பக்கத்து முந்திரி ஆலைகளில், எங்கள் பேச்சில் அண்டி ஆபீசுகளில், முப்பது நாற்பது வருடம் அண்டி தல்லிய கைகள் இவை. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகையே இருக்காது. ரப்பர் பால் வெட்டியவர்களின் கையும் அப்படித்தான். மெஷின் "முடியாது" என்று சொல்லும். துடைத்துவிட்டு மறுபடியும் வைப்பார்கள், மறுபடியும் அதே பதில். பிறகு கண்ணைக் காட்டச் சொல்வார்கள். அதுவும் சரிப்படாவிட்டால், உயிரோடு இருப்பதற்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிப் பஞ்சாயத்தில் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதியைத் தவறவிட்டால் பென்சன் நின்றுவிடும். அரசே சொல்கிற விஷயம் இது, புரளி இல்லை.

இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் இருக்கும் பயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் அதைப் பற்றித்தான். போனில் கூப்பிட்டு முதியவர்களை ஏமாற்றுகிறவன் புதிதாக எந்தப் பயத்தையும் கண்டுபிடிப்பதில்லை. நிஜமான ஆபீஸ் ஏற்கெனவே ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லி வைத்திருக்கிறது: "தேதிக்குள் செய்யாவிட்டால் பென்சன் நின்றுபோகும்." மீதிப் பாதியை அவன் சொல்கிறான்: "ஆதார் நம்பரைச் சொல்லுங்க, மெசேஜில் வந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க."

எங்கள் ஊர் முதியவர்களுக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. 2023-ன் கடைசி மாதங்களில் பென்சன் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. அந்த நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் பிச்சை எடுத்துப் போராட்டம் நடத்தியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அடுத்த வருடம் ரேஷன் கார்டுக்கும் மஸ்டரிங் வந்தது. மஞ்சள் கார்டு, பிங்க் கார்டு வைத்திருந்த வீடுகளில் குழந்தை முதல் கிழவி வரை கடைக்குப் போய் விரல் வைத்தார்கள். அதே வருடம், 2024 நவம்பரில், இன்னொரு செய்தி: அரசு ஊழியர்களே 1,458 பேர் இந்த ஏழைகளின் பென்சனை வாங்கிக்கொண்டிருந்ததை நிதித்துறை கண்டுபிடித்தது. கள்ளத்தனம் செய்தவர்கள் அவர்கள். "நம்ம பேரையும் வெட்டிருவானுவளோ" என்று பயந்தவர்கள் இந்தப் பிளாஸ்டிக் கவர்க்காரர்கள்.

2021 முதல் 1,600 ரூபாயாக இருந்த பென்சன் 2025 நவம்பரில் 2,000 ஆனது. மாநிலம் முழுக்க அறுபது லட்சம் பேருக்கு மேல் வாங்குகிறார்கள். உயர்வு என்றாலும் சரி, நிலுவை என்றாலும் சரி, மோசடிக்காரனுக்கு இரண்டும் நல்ல செய்தி. கூட்டினால் "கூட்டிய தொகை கணக்கில் ஏற வேண்டும்" என்பான். நிலுவையில் கிடந்தால் "அரியரைப் பாஸ் பண்ண வேண்டும்" என்பான்.

பக்கத்து வீட்டு அம்மச்சிக்கு வந்த ஒரு அழைப்பை முழுதாகக் கேட்க எனக்கு வாய்த்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். திருவனந்தபுரத்தில் பென்சன் செக்‌ஷனிலிருந்து பேசுவதாக மலையாளத்தில் ஒரு குரல். சுத்தமான மலையாளம், மரியாதையான குரல். அம்மச்சியின் பெயர், மறைந்த கணவரின் பெயர், வார்டு எல்லாம் சரியாகச் சொன்னான். அம்மச்சி அதுவரை திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர். "பென்சன் ஆபீஸ்" என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துவர்த்தைச் சரிசெய்துகொண்டார். எதிரில் யாருமே இல்லை, போன் திண்ணையில் கிடக்கிறது. ஆனாலும் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து பேசக் கூடாது என்பது எழுபது வருடப் பழக்கம். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடிபி, லிங்க் எல்லாம் பிறகு. அந்த எழுந்து நிற்றலில்தான் திருட்டு தொடங்குகிறது.

நான் போனை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மச்சி ஒரு கேள்வி கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அப்போ சாரே, நம்ம சொசைட்டிப் பையன் இந்த மாசம் வரமாட்டானா?"

அந்தப் பக்கம் ஒரு தடுமாற்றம். "ஏது சொசைட்டி?"

அம்மச்சி என்னைப் பார்த்தார். "மக்கா, இவன் நம்ம ஆபீஸ்காரன் இல்ல. சொசைட்டி தெரியாத பென்சன்காரன் உண்டாக்கும்?" என்றார். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

கேரளத்தில் பென்சன் இரண்டு வழியில் வரும். சிலருக்கு வங்கிக் கணக்கில் ஏறும். மற்றவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பார். அம்மச்சிக்கு இரண்டாவது வழி. மாதாமாதம் வருகிற ஒரு முகம், ஒரு பை, கையெழுத்து வாங்குகிற ஒரு தாள். எல்லாமே பழக்கமானவை. போன் குரலுக்கு அது தெரியவில்லை, அதனால் மாட்டிக்கொண்டான். அம்மச்சிக்கு "சைபர் விழிப்புணர்வு" என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தன் பணம் எந்த வழியாக வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி, அவ்வளவுதான். முதியவர்களைக் காப்பாற்ற நாம் செய்ய வேண்டியது இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மோசடி எப்படியெல்லாம் நடக்கும் என்று பயமுறுத்துவதை விட, நிஜமான பென்சன் எப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்வது பலன் தரும். மோசடி மாதத்துக்கு மாதம் வேஷம் மாறும். சொசைட்டியும் அக்ஷயாவும் பஞ்சாயத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"என் பேரு, வீட்டுக்காரர் பேரு எல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?" இது எல்லோரும் கேட்கிற கேள்வி. தெரிந்துகொள்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மத்திய அரசு விவசாயிகளுக்குத் தருகிற பிஎம் கிசான் உதவியின் பயனாளிகள் பட்டியலை ஊர்வாரியாக அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளிப்படைத்தன்மைக்காகச் செய்த நல்ல காரியம், திருடனுக்கும் பயன்படுகிறது. 2023 ஜூனில் கோவின் தளத்தில் இருந்த கொரோனாத் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில் கசிந்த கதையும் தெரிந்ததே. மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு இன்னும் மோசம். வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி, ஓய்வூதிய உத்தரவு (பிபிஓ) எண், கடைசிச் சம்பளம் வரை ஒப்பித்துவிட்டு, "உயிர்ச் சான்றிதழைப் போனிலேயே புதுப்பித்துத் தருகிறேன்" என்று ஓடிபி கேட்கிறார்கள். இதைப் பற்றி ஓய்வூதியர்களுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. எந்த ஓய்வூதிய அலுவலகமும் போனில் கூப்பிட்டு உயிர்ச் சான்றிதழைப் புதுப்பிப்பதில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் 2014 நவம்பரிலிருந்து இருக்கிறது. அதை நாம்தான் போய்ச் செய்ய வேண்டும். அவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள். ஆகவே, நம் விவரம் தெரிந்தவன் எல்லாம் ஆபீஸ்காரன் என்கிற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

எல்லையில் வாழ்வதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு போட்டவர்கள் சொந்தபந்தத்தைப் பார்த்துப் போடவில்லை. அக்காள் களியக்காவிளையில், தங்கை இஞ்சிவிளையில். அக்காளுக்குத் தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், அவள் மருமகளுக்கு 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். தங்கைக்குக் கேரளப் பென்சன் 2,000. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு வருகிறது என்று பேசுவதைக் கேட்டால் இரண்டு மாநில பட்ஜெட்டும் அங்கேயே வந்துவிடும். அடுத்த வாரம் தங்கைக்குத் தமிழில் ஒரு போன் வருகிறது: "கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு உங்க பேரும் சேர்ந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க." பாறசாலையில் ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்கு அந்தத் தொகை கிடைக்க வழியே இல்லை. ஆனால் அக்காள் வீட்டுக்கு வருகிறதே! "நமக்கும் கிடைச்சா நல்லதுதானே" என்று ஒரு நப்பாசை. இரண்டு அரசின் நடைமுறையையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவர்களை ஏமாற்றுவது ரொம்ப எளிது.

எச்சரிக்கைகளும் எல்லையில் வழிதவறிப் போகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து வருவது மலையாளத்தில் இருக்கும். பேச மலையாளம் தெரிந்த எங்கள் கிழவிகள் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. சென்னையிலிருந்து தமிழில் வருவது வேறு திட்டங்களைப் பற்றி இருக்கும். திருடனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. யாருக்கு எந்த மொழி தேவையோ அந்த மொழியில் பேசுகிறான். அரசாங்கத்தைவிடச் சிறந்த மொழிக்கொள்கை.

மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றும் இல்லை. ஒன்று, ஓடிபி கேட்பான். இரண்டு, வாட்ஸாப்பில் "பிஎம் கிசான்", "பென்சன்" என்று ஒரு ஏபிகே ஃபைல் அனுப்புவான். தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் அவனுக்கும் போகும். மூன்று, "பணம் போட்டிருக்கேன், பின் நம்பர் அடிச்சு வாங்கிக்குங்க" என்பான். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் பத்துத் தடவை சொல்லுங்கள். கைரேகையைப் பிரதியெடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுக்கிற திருட்டும் உண்டு. அதற்கு ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ஆனால் மஸ்டரிங்குக்குப் போகும் முன்னால் திறந்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் வரிசையில் நின்றது வீண்.

நம் ஊர்க்காரர்கள்தான் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் பல வருடமாக நடக்கிற மோசடி அப்படியே நம்முடையதுதான். "நகராட்சி ஆபீசிலிருந்து பேசுகிறேன், மருத்துவக் காப்பீட்டில் உங்களுக்குப் பணம் திரும்பி வர வேண்டியிருக்கிறது, ஏடிஎம்முக்குப் போய் நான் சொல்கிற பட்டனை அமுக்குங்கள்." அங்கே பணம் வாங்கப் போகிறவர் பணத்தை அனுப்பிவிட்டு வருவார். ஒசாகா மாகாணத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து முதியவர்கள் போனில் பேசிக்கொண்டே ஏடிஎம் இயக்கக் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். படித்த, பணக்கார நாடு. அமெரிக்க முதியவர்களை வருமானவரி அதிகாரி என்று சொல்லி மிரட்டியவர்களோ நம் நாட்டுக்காரர்கள். 2016 அக்டோபரில் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் கால் சென்டர்களுக்குள் தாணே போலீஸ் நுழைந்தபோது அந்தக் கதை முழுவதும் வெளியே வந்தது. அமெரிக்க உச்சரிப்பில் அதிகாரம் செய்யப் பழகிய தொழில், இப்போது மலையாளத்திலும் தமிழிலும் பணிவாகப் பேசப் பழகியிருக்கிறது.

2024-ல் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய வருடத்தைப் போல மூன்று மடங்கு. இவ்வளவு பணமும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கணக்குகளில் பல நம் ஊர்ப் பையன்களுடையவை. "கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறேன்" என்றால் கொடுத்துவிடுகிறார்கள். 2025 அக்டோபரில் கேரளப் போலீஸ் 'ஆபரேஷன் சைஹண்ட்' என்ற பெயரில் ஒரே வீச்சில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது இந்த வாடகைக் கணக்கு விவகாரத்தில்தான். குரல் எங்கிருந்தோ வரலாம். பணம் போகும் கணக்கு பக்கத்து டவுன் பையனுடையதாக இருக்கலாம். பேரனிடம் ஓடிபி பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பணம் போய்விட்டால்? சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும். 1930-ல் சொன்னதும் அது நிற்கிற கணக்கை முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். பத்து நிமிடத்தில் சொன்னால் ஒரு பலன், மறுநாள் சொன்னால் வேறு பலன். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

ஆனால் முதியவர்கள் சொல்வதில்லை. எனக்கு இதில்தான் கோபம், அவர்கள்மேல் இல்லை, நம்மேல். போன் வைத்திருப்பதற்கே திட்டுகிற வீட்டில், ஏமாந்ததை எப்படிச் சொல்வார்கள்? "கிழவிக்கு எதுக்கு டச் போன்" என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருப்பான். மருமகள் முகம் எப்படி மாறும் என்று யோசித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்து, மூன்றாம் நாள் யாராவது பாஸ்புக்கைப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். போனைப் பிடுங்கி பட்டன் போனைக் கொடுப்பது தீர்வு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்ஃபில் இருக்கிற பேத்தி முகத்தைப் பார்க்க அவருக்கு இருக்கிற ஒரே ஜன்னல் அது. திருடன் வருகிறான் என்பதற்காக அதை அடைக்க வேண்டாம். ஓடிபி கேட்டால் பட்டன் போனிலும் சொல்லலாம், தெரியுமல்லவா?

2024 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது நினைவிருக்கலாம். இசையமைப்பாளர் ஜெர்ரி அமல்தேவ், 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' படத்துக்கு இசை போட்டவர், வயது 85. சிபிஐ என்று சொன்ன கும்பல் அவரை போனிலேயே "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்து வைத்திருந்தது. பணம் அனுப்ப வங்கிக்குப் போனார். வங்கி மேலாளர் அவர் பதற்றத்தைக் கவனித்து, விசாரித்து, தடுத்துவிட்டார். தினமும் நூறு பேரைப் பார்க்கிற கவுண்டரில் ஒரு முதியவரின் முகம் சரியில்லை என்று கவனித்த மனிதர்! படித்தவர், உலகம் சுற்றியவர் என்பதெல்லாம் அவரைக் காப்பாற்றவில்லை. எதிரில் இருந்தவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார், அது காப்பாற்றியது.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. பென்சன் கொண்டுவருகிற சொசைட்டி ஆள், மாதாமாதம் பிளாஸ்டிக் வாங்க வருகிற ஹரித கர்ம சேனைப் பெண்கள், ஆஷா சுகாதாரப் பணியாளர், அங்கன்வாடி டீச்சர், வார்டு மெம்பர் என்று எத்தனை பேர் வீட்டுப்படி ஏறுகிறார்கள். தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலையிடத்தில் கஞ்சி குடிக்கிற நேரத்தில் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டா? எவள் வீட்டுக்கு என்ன போன் வந்தது என்பது அங்கே அன்றைக்கே தெரிந்துவிடும். விழிப்புணர்வு முகாமுக்கு ஹால் பிடித்து, பேனர் கட்டி, பொன்னாடை போர்த்துகிற செலவில் பாதிகூட வேண்டாம். இவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைச் சொன்னால் போதும்: மஸ்டரிங் என்றால் நாம் அக்ஷயாவுக்குப் போவோம், அல்லது நாம் சொல்லி அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். போனில் மஸ்டரிங் கிடையாது. பென்சன் நின்றுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் 'சேவனா' என்கிற பென்சன் கணினிப் பதிவில் பார்த்துச் சொல்வார்கள். யார் போன் செய்தாலும், "நாளைக்கு பஞ்சாயத்துல வந்து பேசுதேன் சாரே" என்று வைத்துவிட வேண்டும். உட்கார்ந்துகொண்டே சொல்லலாம்.

பஞ்சாயத்துகளிடம் ஒரு கோரிக்கை. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையின் பேரில் கேட்கிறேன்: அடுத்த மஸ்டரிங் தொடங்கும் முன்னால், எல்லையோர வார்டுகளின் அக்ஷயா மையங்களிலும் ரேஷன் கடைகளிலும் சொசைட்டி வாசலிலும் மலையாளத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் ஒரு போர்டு வையுங்கள். பெரிய எழுத்தில், கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிற மாதிரி. "பென்சனுக்காக யாரும் போனில் கூப்பிடமாட்டார்கள். நம்பர் எதுவும் சொல்ல வேண்டாம். பணம் போனால் உடனே 1930." மூன்று வரிதான்.

இதை வாசிக்கிற நீங்கள் போர்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் இருக்கிற அம்மாவுக்கோ அம்மச்சிக்கோ இன்று சாயங்காலம் ஒரு போன் போடுங்கள். அவருடைய பென்சன் எந்த வழியாக வருகிறது, யார் கொண்டுவந்து தருகிறார் என்று அவரையே உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள்.